உண்டிச்சாலையும் விளைநிலமும்

உண்பவன் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே. சுவை எத்தகையது? விலை யாது? மூன்றாவது கேள்வி ஒன்றுளது. அதனைக் கேட்பார் அரியர். இலையில் இடப்பட்ட இக்கறி எந்நிலத்தில், யார் கையால், எப்பொழுது விளைந்தது என்பதே அது. உண்பவன் கேளாவிடினும், சமைத்து விற்போன் அதற்கு விடை அறிந்திருத்தல் வேண்டும். அவன் அதனை அறியும் வழிகள் யாவை, அவ்வழிகள் எவ்விடத்தில் அற்றுப்போகின்றன, அறியாமையால் விளையும் கேடு யாது என்பனவற்றை இங்கு ஒருசிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு, மதுரையினின்று இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் திருமங்கலத்துக்கு அப்பால் உள்ள டி. கல்லுப்பட்டி தக்க தொடக்கமாகும். அங்கே 1940-ஆம் ஆண்டில் ஜி. வேங்கடாசலபதி அவர்கள் காந்தி நிகேதன் ஆசிரமத்தை நிறுவினார். தஞ்சையில் 1892-இற் பிறந்து, இலண்டனிற் கணக்காய்வுத் தொழில் பயின்று, அமெரிக்க நாட்டிற் பொருளியல் கற்றுத் திரும்பிய ஜே. சி. குமரப்பா அவர்கள் தம் இறுதி ஆண்டுகளை இவ்வாசிரமத்திற் கழித்தார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் இயற்கை எய்தினார். கணக்கில் வல்லவராயினும், விலை கொடுத்தவுடன் கணக்கு முடிந்தது என்பதை அவர் ஒப்பவில்லை. ஒரு பொருளை வாங்குவோன் அஃது உண்டான வகைக்கும் பொறுப்பாளி ஆகிறான். கொடுமையால் விளைந்ததை வாங்குவோன் அக்கொடுமையிற் பங்கு கொள்கிறான். ஆதலின் தான் அறிந்து பொறுப்பேற்கக்கூடிய வட்டத்துக்குள் கொடுக்கல் வாங்கலை அமைத்துக்கொள்ளுதலே நேர்மை என்பது அவர் நூல்களிற் காணும் கொள்கையாம். இக்கொள்கையை ஓர் உண்டிச்சாலையின் அடுக்களையில் வைத்துப் பார்ப்பின் என்னாகும்?

டி. கல்லுப்பட்டியைச் சூழ்ந்த நிலம் கரிசல். மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் குதிரைவாலியும் விளைவது. இத்தகைய ஊரிற் சிறு உணவுக்கடை வைத்திருப்போன் கீரை கொண்டுவருபவளைப் பெயர் சொல்லி அழைப்பான். அவள் எக்கிணற்றுப் பாசனத்திற் பாத்தி கட்டியிருக்கிறாள் என்பதும் அறிவான். கீரை முற்றியிருப்பின் மறுநாட் காலையில் முகத்துக்கு நேரே கேட்பான். அவனிடம் ஏடும் இல்லை, கணக்கும் இல்லை. அறிந்த முகமே அவனுக்கு ஏடு.

மதுரை நகரத்துப் பெரிய ஹோட்டலின் நிலை வேறு. அதன் தக்காளி மாட்டுத்தாவணிச் சந்தையினின்று வருகிறது. அச்சந்தைக்கோ பல ஊர்களினின்றும், ஒட்டன்சத்திரம் போன்ற பிற சந்தைகளினின்றும் காய்கள் வந்து சேர்கின்றன. இவ்வழியில் உழவன் பெயர் எவ்விடத்தில் அழிகிறது? கமிஷன் மண்டியில் அழிவதில்லை. விற்ற பணத்திற் கமிஷன் போக எஞ்சியதை உழவனுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆதலின் மூட்டையின்மேற் குறியும் சிட்டையிற் பெயரும் இருக்கின்றன. மண்டியினின்று எடுக்கும் வியாபாரி பலருடைய காய்களைக் கொட்டிப் பருமன் பார்த்துப் பிரித்துக் கலக்கும்போதே அப்பெயர் மறைகிறது. பணம் செல்லும் வழியிற் பெயர் காக்கப்படுகிறது. காய் செல்லும் வழியில் அது கைவிடப்படுகிறது. அறிவு இல்லாமையன்று குறை. இருந்த அறிவைப் பின்னுள்ளோர் வேண்டாமையே குறை.

கலந்தபின் ஒன்றும் செய்தற்கில்லை என எண்ணற்க. பால் கூட்டுறவுச் சங்கத்தை நோக்குக. அங்கே உறுப்பினர் ஒவ்வொருவரும் ஊற்றும் பாலின் அளவும் தரமும் குறிக்கப்பட்ட பின்னரே பால் ஒன்றாகிறது. அதன்பின் இஃது இன்னார் பசுவின் பால் என்றல் இயலாது. ஆயினும் இன்ன சங்கத்தின் இன்ன வேளைப் பால் என்றல் இயலும். தனிப்பெயர் மறையுமிடத்துக் குழுவின் பெயரையேனும் காத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

இனி, உண்டிச்சாலையார் விளைவிடத்தை அறியும் வழிகள் மூன்று.

முதலாவது, விளைப்போனிடமே வாங்குதல். 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. நிலமும் பயிரும் உண்மையென அதிகாரிகள் கண்ட பின்னரே உழவர்க்கு அங்கே அடையாள அட்டை வழங்கப்படுகிறது. ஆகவே விற்பவர் முகமும் ஊரும் ஒருங்கே தெரிகின்றன. ஆயினும் சில்லறையாக விற்கும் இச்சந்தை சிறு கடைக்கு உதவுமேயன்றி, நாளொன்றுக்கு மூட்டை மூட்டையாய்ச் சமைப்போர்க்குப் போதாது.

இரண்டாவது, எழுத்து. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், உணவுப் பொருளை விற்பனையாளர்க்கு விற்கும் வணிகர் அதன் தரத்துக்கு எழுத்தில் உறுதி தருதல் வேண்டும் என்கிறது. விற்பனைப் பில்லும் அவ்வுறுதியாகவே கொள்ளப்படும். ஆனால் அதே சட்டம் உழவரையும் மீனவரையும் அவர்தம் நிலத்து விளைவையும் தன் எல்லைக்குப் புறத்தே நிறுத்தியுள்ளது. எளியோரை வருத்தாதிருத்தல் நன்றே. எனினும் பில் என்னும் கயிற்றைப் பற்றிப் பின்னோக்கிச் செல்வோன் மண்டி வாயிலை அடைந்து நின்றுவிடுகிறான். அங்கிருந்து வரப்பு வரையுள்ள தூரத்தை அவனே நடந்து கடத்தல் வேண்டும்.

மூன்றாவது, சென்று காண்டலும் கணக்கிடுதலும். ஒரு தோட்டத்துக் கீரையையே நாங்கள் சமைக்கிறோம் என்று ஒருவர் பலகை எழுதியிருப்பதாகக் கொள்வோம். அத்தோட்டம் நாளொன்றுக்கு 50 கட்டுத் தரும். அடுக்களையிற் செலவாவதோ 200 கட்டு. எஞ்சிய 150 எங்கிருந்து வந்தன? பலகை பொய்யெனக் காட்ட இவ்வொரு கழித்தலே போதும். பருவம் கடந்தும் குறையாது வரும் காயும் இவ்வாறே தன்னைத் தான் காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு முயற்சி எற்றுக்கு எனின், 2011-ஆம் ஆண்டு ஜெர்மனியில் நிகழ்ந்ததை நினைக. அவ்வாண்டு மே மாதத்தில் அங்குக் கொடிய குடல்நோய் பரவியது. நோயுற்றோர் 3,800-க்கு மேற்பட்டனர். ஐம்பதின்மருக்கு மேல் மாண்டனர். ஹாம்பர்க் நகர அதிகாரிகள் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயைக் குற்றம் கூறினர். சில நாட்களுக்குள் அது காரணமன்று எனத் தெளிந்தது. அதற்குள் ஸ்பெயின் உழவர் தம் விளைவை விற்கவியலாது கொட்டி அழித்தனர். உண்மையைக் காட்டியது யாதெனின், ஓர் உண்டிச்சாலையின் குறிப்பே. லூபெக் நகரத்து உண்டிச்சாலை ஒன்றில் உண்டோர் இன்ன பண்டம் கேட்டனர் என்ற பதிவையும், சமையற்காரர் அதில் இன்னின்ன இட்டனர் என்ற விவரத்தையும் ஆய்வாளர் ஒப்பிட்டனர். முளைவிட்ட வித்தினை உண்டோரே நோயுற்றிருந்தனர். தாம் அதனை உண்டது பலர்க்கு நினைவிலும் இல்லை, அடுக்களை அறிந்திருந்தது. அதனைப் பின்தொடர்ந்து ஒரு முளைப்பண்ணையையும், அதற்கப்பால் எகிப்து நாட்டினின்று வந்த வெந்தயத்தையும் சென்றடைந்தனர்.

ஜெர்மனி தொலைவில் உள்ளது. யாம் மாணவராயிருந்து உண்ட விடுதி ஒன்றில் நிகழ்ந்தது அண்மையது. ஓரிரவு பலர்க்கு வயிற்றுநோய் கண்டது. அன்று கீரை சமைக்கப்பட்டிருந்தது. மறுநாட் காலையில், பல்லாண்டுகளாகக் கீரை கொண்டுவந்த முதியவளை வாயிலிலேயே நிறுத்தி, இனி வரவேண்டா என்றனர். அவள் கூடையை இறக்காமலே சற்று நின்று திரும்பினாள். அன்று தயிர் எங்கே வாங்கப்பட்டது, தேங்காய் எத்தனை நாளையது, நீர்த்தொட்டி எப்பொழுது கழுவப்பட்டது என்பன எவ்வேட்டிலும் இல்லை. கீரைதான் காரணமோ அன்றோ, இன்றளவும் ஒருவரும் அறியார். பேசாதிருந்தவருள் யாமும் ஒருவேம். எழுதப்படாதபோது பழி எப்பொழுதும் எளியோர் தலையிலேயே இறங்குகிறது.

ஆதலின் மாணவ நண்பர்காள், இஃது உண்போர் உடல்நலம் பற்றியது மட்டுமன்று. விளைப்போரின் நற்பெயரையும் பற்றியதாம். சிறு கடைக்காரர்க்கு இஃது இயலுமோ எனின், இயலும். கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். பொருள், நாள், அளவு, கொடுத்தவர், விளைந்த ஊர் என ஐந்து பத்திகள். ஐந்தாவது பத்தியை நிரப்ப, வாங்கும்போது ஒரு வினா கேட்டல் வேண்டும். விடை தெரியாதவிடத்துத் தெரியாது என்றே எழுதுக. பொய்யெழுதுதலினும் அது மேல். வாங்குவோர் பலர் நாள்தோறும் கேட்பின், வியாபாரியும் மண்டியிற் கேட்கத் தொடங்குவான். மண்டிச் சிட்டையில் உறங்கும் பெயர் அன்று விழித்தெழும். முதற்கண் நம் விடுதி அடுக்களைகளில் இதனைத் தொடங்கலாமன்றோ?

குமரப்பா அவர்களைக் காணச் சென்றோர்க்கு அவர் காந்தியடிகளின் படத்தைக் காட்டி, இவர் என் தலைவர் என்பாராம். பின்னர் ஏழைக் குடியானவன் ஒருவன் படத்தைக் காட்டி, இவர் என் தலைவருக்குத் தலைவர் என்பாராம். அடுத்த முறை இலைமுன் அமரும்போது அவ்விரண்டாம் படத்தை நினைவிற் கொள்வோமாக.