அத்திப்பழ அடையும் ஆண்டவர் தரும் சுகமும்

வேதபாடம்: 2 இராஜாக்கள் 20:1-7, 2 நாளாகமம் 16:7-12, 1 இராஜாக்கள் 19:1-8



இந்த மாதம் வேறொரு பாடம் எழுத நினைத்திருந்தேன். ஆனால் ஒரே கேள்வியை மூன்று பேர் தனித்தனியாக வந்து, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவர் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிற சகோதரி. ஒருவர் கல்லூரி வாலிபர். மூன்றாமவர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடநாடு வரை போய் போர்வெல் போடுகிறவர். அவர் கேட்டது இதுதான்: "பாஸ்டர் ஐயா, டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்து மூணு வாரம் ஆச்சுங்க. பைபிள் வெக்கிற அலமாரியிலயே பிரிக்காம வெச்சிருக்கறேன். அதை முழுங்கினா விசுவாசத்தை விட்ட மாதிரி ஆயிருமுங்களா?"

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற மூப்பர்கள் நம் சபையில் உண்டு. பிரஷர் மாத்திரையை ஆராதனை முடிந்த கையோடு போட்டுக்கொள்ளுகிற தாய்மாரும் உண்டு. அவர்களிடம் யாரும் விசுவாசக் கணக்கு கேட்பதில்லை. மனசுக்கு மாத்திரை என்றால் மட்டும் நமக்கு நடுக்கம் வருகிறது. ஆகையால் வேதத்தைத் திறந்து பார்ப்போம்.

எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவான வியாதியில் கிடக்கிறார். அழுது ஜெபிக்கிறார். ஏசாயா தீர்க்கதரிசி முற்றத்தைத் தாண்டுவதற்கு முன்னே பதில் வந்துவிட்டது. சுகம் உண்டு, இன்னும் 15 வருஷம் ஆயுசு உண்டு என்று கர்த்தர் வாக்குக் கொடுத்துவிட்டார். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த வசனத்தில் அதே ஏசாயா என்ன செய்கிறார்? அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் வைத்துக் கட்டச் சொல்லுகிறார். ராஜா பிழைத்தார். வாக்குத்தத்தம் கொடுத்த தேவன் பற்றுப்போடவும் வழி காட்டினார். அந்த அடையை வேண்டாம் என்று தள்ளுவதுதான் விசுவாசம் என்று எசேக்கியா நினைத்திருந்தால்? யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒருவர் கை தூக்குவார், தெரியும். "ஆசா ராஜா கர்த்தரைத் தேடாம வைத்தியரைத் தேடினதா எழுதியிருக்குதே!" மருந்துக்கு எதிராக அதிகமாய்ப் பிரசங்கிக்கப்பட்ட வசனம் அது. ஆனால் 12-ஆம் வசனத்தை மட்டும் பிடுங்கி எடுக்கக்கூடாது. 7-ஆம் வசனத்திலிருந்து வாசிக்க வேண்டும். யுத்தம் வந்தபோது ஆசா கர்த்தரைத் தேடவில்லை, ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் அனுப்பி சீரிய ராஜாவைத் தேடினான். கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் வைத்தான். காலில் வியாதி வந்தபோதும் அதே இருதயம்தான். வைத்தியரிடம் போனது அவன் பாவமல்ல. கர்த்தரை விட்டுவிட்டுப் போனதே பாவம். எசேக்கியா ஜெபித்தார், பற்றும் போட்டார். ஆசா ஜெபிக்கவே இல்லை.

பவுலோடு கூடப் பிரயாணம் பண்ணின லூக்கா ஒரு வைத்தியர் (கொலோசெயர் 4:14). அந்தப் பவுல் பிசாசுகளைத் துரத்தினவர். மாடியிலிருந்து விழுந்த ஐத்திகு உயிரோடே எழும்பும்படி கர்த்தர் அவரைப் பயன்படுத்தினார். அதே பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடே விட்டுவந்ததாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்லுகிறார். "உனக்கு விசுவாசம் போதாது" என்று எழுதவில்லை.

இப்பொழுது எலியாவிடம் வருவோம். கர்மேல் மலையில் அக்கினி இறங்கிய பிற்பாடு, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். அபிஷேகம் பெற்றவருக்கு மனச்சோர்வு வராது என்கிறவர்கள் இந்த அதிகாரத்தை எங்கே வைப்பார்கள்? அங்கே வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் வைத்தான். தூங்க விட்டான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேபில் கர்த்தர் பேசினது அதற்கு அப்புறம். முதலில் சரீரம் கவனிக்கப்பட்டது.

பிற்கால ஊழியக்காரரிலும் இப்படி உண்டு. லண்டனில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசங்கித்த ஸ்பர்ஜன் வருஷக்கணக்காய் மனச்சோர்வில் தவித்தவர். 1856-ல் அவர் பேசிய மண்டபத்தில் நெரிசல் ஏற்பட்டு ஏழு பேர் இறந்தபோது அவர் முற்றிலும் நொறுங்கிப்போனார். தன் மாணவர்களுக்கு இதை அவர் மறைக்கவில்லை, பாடமாகவே நடத்தினார்.

"இது பிசாசின் கட்டா, வியாதியா?" என்றும் கேட்கிறீர்கள். பிசாசு உண்டு என்று விசுவாசிக்கிற ஜனம் நாம், அதில் மாற்றமில்லை. ஆனால் மத்தேயு 4:24-ல் பிசாசு பிடித்தவர்கள் வேறு, சந்திரரோகிகள் வேறு, திமிர்வாதக்காரர் வேறு என்று தனித்தனியாகவே எழுதியிருக்கிறது. 17-ஆம் அதிகாரத்துச் சந்திரரோகிப் பையனிடம் ஆண்டவர் பிசாசைத் துரத்தினாரே என்றால், ஆம், அந்தப் பையனிடத்தில் துரத்தினார். எல்லாரையும் ஒரே தராசில் அவர் நிறுக்கவில்லை. நாம் ஏன் நிறுக்கிறோம்?

நம் சபைகளுக்கே உரிய இன்னொரு ஆபத்து உண்டு. ரிக் வண்டிச் சகோதரருக்கு வந்திருப்பது இருமுனை மனநோய், பைபோலார் என்கிறார்களே, அது. சில மாதம் பாதாளத்தில் கிடப்பார். பிறகு திடீரென்று ஐந்து இரவு தூங்காமல், களைப்பே இல்லாமல், அதிவேகமாய்ப் பேசிக்கொண்டு, கையிலிருக்கிற பணத்தையெல்லாம் வாரிக் கொடுத்து, தேசத்துக்கே தீர்க்கதரிசி என்பார். "அபிஷேகம் பொங்குது" என்று சிலர் அவரைத் தட்டிக் கொடுத்தார்கள். அவர் சம்சாரம் மட்டும் அழுதார்கள். தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் அவர்களுக்கே அடங்கியிருக்கும் என்பது பவுல் கொரிந்து சபைக்குக் கற்பித்தது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டவேண்டும். இப்படிப்பட்டவர் சோர்வுக்கு மட்டும் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால், அதுவே பொங்குகிற நிலையைத் தூண்டிவிடலாம். ஆகவே தூங்காத அந்த நாட்களைப் பற்றியும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருந்தைப் பற்றி நான் டாக்டர் போலப் பேச முடியாது. தெரிந்த சிலவற்றைச் சொல்லுகிறேன். இந்த நோய்க்குக் கொடுக்கிற லித்தியம் பூமியிலிருந்து எடுக்கிற ஒரு உப்பு. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் 1949-ல் அதன் பலனை எழுதினார். தற்கொலை எண்ணத்தில் தவிக்கிறவர்களில் அநேகரை அது காத்திருக்கிறது. பூமியில் அந்த உப்பை வைத்தவர் யார்? மனச்சோர்வு மாத்திரைகள் ஒரே நாளில் வேலை செய்யாது. இரண்டு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். நாலு நாள் போட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கலீங்க" என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். ஆரம்பத்தில் வயிற்றுப் புரட்டல், தூக்கக் கலக்கம் வரலாம். லாரி ஓட்டுகிறவர்கள், தறியில் நிற்கிறவர்கள் தங்கள் வேலையை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நேரத்தையோ மருந்தையோ மாற்றிக் கொடுப்பார். கர்ப்பமாகிற வயதிலுள்ள சகோதரிகளும் கட்டாயம் சொல்லவேண்டும். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. தைராய்டு குறைவும் மனச்சோர்வு போலக் காட்டும், அதற்கு ரத்தப் பரிசோதனை செய்வார்கள். வெட்கம் வேண்டாம். "பொண்ணு குடுப்பாங்களா?" என்று அந்த வாலிபர் கேட்டார். மறைத்துக் கட்டிவைக்கிற கல்யாணத்தை நான் நடத்தமாட்டேன். மருந்து சாப்பிட்டுத் தெளிவாய் நிற்கிற வாலிபருக்காகப் பெண் வீட்டில் நானே போய்ப் பேசுவேன்.

வைத்தியம் இல்லாமல் ஜெபம் மட்டும் போதும் என்று வைத்திருந்தால் என்ன ஆகும்? 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்ததை மறந்துவிட்டோமா? மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். ஓட முடியவில்லை. அது வேறு மார்க்கத்தாருடைய ஊர் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். ஜெப வீடு என்று பெயர் வைத்தால் சங்கிலி லேசாகிவிடாது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி குற்றம். இதற்கு மாறாக, மிஷனெரி ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஆரம்பித்த வேலூர் ஆஸ்பத்திரியின் மனநல மையத்தில், வியாதியஸ்தரோடு குடும்பத்தாரும் கூடவே தங்குகிறார்கள். நமக்குப் பக்கத்தில் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு உண்டு. சாக எண்ணம் வந்தால், ராத்திரியானாலும் 14416 என்ற அரசாங்க எண்ணில் தமிழிலேயே பேசலாம். எனக்கும் போன் பண்ணுங்கள்.

"மாத்திரையைத் தூக்கி எறிஞ்சேன், சுகமானேன்" என்கிற சாட்சியை இனி நம் பிரசங்க மேடையில் சொல்ல விடமாட்டேன். சிலருக்கு வருத்தமாயிருக்கும், இருக்கட்டும். பத்துக் குஷ்டரோகிகளை ஆண்டவர் சுகமாக்கினபோது, போய் ஆசாரியர்களுக்குக் காண்பிக்கச் சொன்னார் (லூக்கா 17:14). சோதிக்கப்பட்டால் தெய்வீக சுகம் குறைந்துபோகாது. கர்த்தர் சுகமாக்கினார் என்று நம்புகிறவர் டாக்டரிடம் காண்பிக்கட்டும். அவர் சொல்லுகிறபடி கொஞ்சங்கொஞ்சமாய் மருந்தைக் குறைக்கட்டும். அதன்பின் வந்து சாட்சி சொல்லட்டும், சபையோடே சேர்ந்து நானும் கைதட்டுவேன்.

உபவாசத்தைப் பற்றி ஒன்று. லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தண்ணீர் இல்லாமல் உபவாசிக்கக்கூடாது. நம் சேலம், நாமக்கல் வெயிலில் உடம்பில் தண்ணீர் வற்றினால் அந்த மருந்து ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடும். வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம், நாக்குக் குழறல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளையும் டாக்டரைக் கேட்காமல் சேர்க்கக்கூடாது. வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பின்வாசல் பக்கம் இரண்டு பானைத் தண்ணீர் வைத்திருப்போம். மத்தியானத்தில் கஞ்சியும் உண்டு. யார் எழுந்து போய்க் குடித்தாலும் ஏன் என்று ஒருவரும் கேட்க வேண்டாம்.