வயிறு நிறைந்த பிறகும் பாயாசத்துக்கு இடம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: என் மகள் ஏ.எல். உயிரியல் பிரிவில் படிக்கிறாள். சித்திர வேலாயுத சுவாமி கோயில் திருவிழா அன்னதானத்தில், இனி ஒரு பிடி சோறும் வேண்டாம் என்று கையை எடுத்தவள் பாயாசம் வந்ததும் நீட்டி வாங்கிக் குடித்தாள். கேட்டால், "இதுக்கு விடை மூளைக்குள்ள இருக்கு அம்மா, நான் அதைப் படம் பிடிச்சுப் பார்க்கிற வேலைக்குத்தான் போகப்போறன்" என்கிறாள். அப்படியொரு வேலை உண்டா? அதற்கு என்ன படிக்க வேண்டும்?
— ஒரு தாய், வெருகல்

பதில்: உண்டு, அம்மா. மகளின் பாயாசக் கேள்வியும் லேசுப்பட்டதல்ல. ஓர் உணவை வயிறாரத் தின்றவருக்கு அந்த உணவில்தான் ஆசை வற்றுகிறது, தின்னாத வேறொன்றில் அவ்வளவாக வற்றுவதில்லை என்று பார்பரா ரோல்ஸ், எட்மண்ட் ரோல்ஸ் குழுவினர் 1981இல் காட்டினார்கள். அதற்கு அவர்களுக்கு ஸ்கேன் எதுவும் தேவைப்படவில்லை. ஆட்களுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், எது எவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பசியை மூளையில் தேடியதில் நம் பக்கத்து நாட்டவர் ஒருவருக்கும் பெரிய பங்குண்டு. பால் கிருஷன் ஆனந்த் 1951இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் புரோபெக்குடன் சேர்ந்து எலிகளை ஆராய்ந்தார். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸின் ஓரத்தில் ஒரு சிறு இடத்தை இரு பக்கமும் அழித்ததும், முன்னால் இரை இருந்தும் எலிகள் தின்னாமல் பட்டினி கிடந்தன. பிறகு அவர் டெல்லி எய்ம்ஸில் உடற்றொழிலியல் துறையைக் கட்டியெழுப்பினார்.

உயிருள்ள மனிதரின் மூளை வேலை செய்வதை எம்.ஆர்.ஐ.யில் பார்க்க 1990இல் வழிகாட்டியவர் செய்ஜி ஒகாவா. பிராணவாயு உள்ள குருதியும் அதை இழந்த குருதியும் காந்தத்துக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதே அடிப்படை. ஆக, படத்தில் தெரிவது பசி அல்ல; குருதி ஓட்டத்தின் மாற்றம், அதுவும் சில விநாடிகள் பிந்தி. மென்றால் தலை அசைந்து படம் கெட்டுவிடும் என்பதால், குழாயால் வாயில் பால்பானம் விடுவார்கள், அல்லது உணவுப் படங்களைக் காட்டுவார்கள். அன்னதானப் பந்தியின் சந்தடி எதுவும் ஸ்கேன் இயந்திரத்துக்குள் வராது. இத்துறையின் பெரிய குறை அதுதான் என்பேன்.

ஆனாலும் மனதைத் தொடும் வேலைகள் நடந்திருக்கின்றன. பசியை அடக்கும் லெப்டின் ஹோர்மோன் பிறப்பிலேயே இல்லாத இருவரை கேம்பிரிட்ஜின் சதஃப் ஃபரூக்கி குழு 2007இல் ஆராய்ந்தது. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த உணவுப் படமும் அவர்களை இழுத்தது. ஏழு நாள் லெப்டின் கொடுத்த பிறகு, பசித்த வேளைக்கும் வயிறு நிறைந்த வேளைக்கும் வித்தியாசம் வந்தது. பெருந்தீனியை மனக்கட்டுப்பாடு இல்லாத குணம் என்று ஏசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மகளிடம் செத்த மீன் கதையையும் சொல்லுங்கள். கிரெய்க் பென்னட் குழு செத்த சால்மன் மீனொன்றை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டியது. கணக்கைச் சரிவரத் திருத்தாமல் பார்த்தபோது மீனின் மூளையிலும் 'செயற்பாடு' தெரிந்தது! மூளையைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சோதித்தால், சில தற்செயலாக ஒளிரத்தான் செய்யும். இந்த விளையாட்டுக்கு 2012இல், வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் கிடைத்தது.

அதனால்தான், படிக்க வேண்டியவற்றில் புள்ளிவிபரவியலை முதலில் சொல்கிறேன். உயிரியல் என்றாலே டொக்டர் என்று நினைக்க வேண்டாம். ஆனந்த் மருத்துவர், ஒகாவாவோ பௌதிகம் படித்து, இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். உளவியல், கணினி வழியாகவும் வரலாம். கலாநிதிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் வெளிநாடு போகவேண்டி வரும். அமெரிக்காவில் நரம்பியல் கலாநிதிப் பட்ட மாணவருக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, மாதப்படியும் உண்டு. ஆங்கிலத்தையும் பைதன் நிரலாக்கத்தையும் இப்போதே தொடங்கலாம்.

மற்றவர்கள் எடுத்த மூளைப் படங்கள் ஓப்பன்நியூரோ தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. வெருகலில் இருந்தபடியே பழகலாம். ஒரு தொகுதியே பல கிகாபைட் வரும், டேட்டாவைப் பார்த்து இறக்கச் சொல்லுங்கள்.