போன்சாய் பட்டறைக்கு முன் ஒரு மலைப் பயணம்

துபாயின் ஜெபல் அலியில் இருக்கிறீர்கள், போன்சாய் பட்டறைக்குப் பெயரும் கொடுத்துவிட்டீர்கள் என்றால், முந்தைய விடுமுறை நாளில் விடியுமுன்பே ஹத்தா மலைப்பக்கம் காரைக் கிளப்புங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம்.

அங்கே சரளைச் சரிவுகளில் நிற்கும் சம்ர் மரம் நம் ராமநாதபுரத்துக் குடைவேலுக்குச் சொந்தம். நின்றபடி படம் எடுத்தால் பயனில்லை. தரையில் உட்கார்ந்து, வானம் பின்னால் தெரியும்படி எடுங்கள். போன்சாயை நாம் பார்க்கும் கோணம் அதுதான். வேர் எங்கே மண்ணைப் பிடிக்கிறது, முதல் கிளை எந்த உயரத்தில் பிரிகிறது, உச்சி ஏன் தட்டையாக இருக்கிறது என்று பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். பத்துப் படங்களைவிட ஒரு கிறுக்கல் அதிகம் கற்றுத்தரும்.

கன்றைத் தோண்டி எடுத்து வராதீர்கள். பாலைவன மரத்தின் ஆணிவேர் மிக ஆழம், அறுந்தால் பிழைக்காது. பட்டறைக்கு நாற்றங்காலில் வாங்குவதே நல்லது.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, மூடிய காலணி கட்டாயம். மேகம் திரண்டால் வாதிக்குள், அதாவது மலையிடை வறண்ட ஆற்றுப்படுகைக்குள், இறங்கவே கூடாது. மழை தொலைவில் பெய்தாலும் வெள்ளம் நொடியில் வரும். மீறினால் அபராதமும் உண்டு.

போன்சாய்க்காரர்கள் கொண்டாடும் ஜூனிபரைக் காட்டிலேயே பார்க்க ஆசையா? ஓமானின் ஜெபல் அக்தரில், 2,000 மீட்டருக்கு மேல் முறுக்கேறிய முதிய மரங்கள் நிற்கின்றன. நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாமல் சோதனைச்சாவடியைத் தாண்ட விடமாட்டார்கள். ஓமானுக்கான வண்டிக் காப்பீட்டையும் முன்பே எடுத்துவிடுங்கள்.