சட்டியில் வெந்தது என்ன கறி?



சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், சடங்கு வீடொன்றில் ஆட்டுக்கறி விருந்து. சாப்பிட்டவர்கள் கை கழுவி முடிவதற்குள் யாரோ "இது ஆடு இல்ல, மாடு"ன்னு ஒரு வார்த்தையை விட்டுட்டாங்க. மாட்டுக்கறி தொடாத பெரியவர் ஒருவர் வெளியே போய் வாந்தி எடுத்தார். இரண்டு லயத்துக்காரர்கள் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது ஆடா மாடா என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது. சட்டியைத்தான் அன்றைக்கே கழுவி விட்டார்களே!

எதைச் சாப்பிடுவது என்பது அவரவர் வளர்ந்த விதம். மாடசாமிக்குக் கிடா வெட்டுகிற வீட்டில் மாட்டைத் தொட மாட்டார்கள். அடுத்த காம்பராவில் அதையே விரும்பிச் சாப்பிடுவார்கள். முஸ்லிம் சகோதரர்களுக்குப் பன்றி ஆகாது. வெள்ளைக்காரர்களுக்குள்ளும் இது உண்டு. பிரான்சில் குதிரை இறைச்சிக்குத் தனிக் கடைகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பார்கள்.

2013 ஜனவரியில் அயர்லாந்து நாட்டின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, மாட்டிறைச்சி என்று விற்ற பேர்கர்களில் 27 வகையைப் பரிசோதித்த முடிவை வெளியிட்டது. 10 இல் குதிரை, 23 இல் பன்றி! ஒன்றில் மட்டும் குதிரை 29 சதவீதம். குதிரைக்கறி விஷமில்லை. ஆனாலும் கேட்காமல் ஊட்டி விட்டார்களே என்று சனங்கள் கொதித்துப் போனார்கள்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கொழுந்தாக இருக்கும்போது எந்தச் செடி என்று நம் பெண்கள் சொல்லி விடுவார்கள். தூளான பிறகு? கறியும் அப்படித்தான். கொத்தி, மசாலா போட்டு வேக வைத்தால் கண்ணுக்கும் நாக்குக்கும் பிடிபடாது. ஆனால் ஒவ்வொரு உயிரின் உடம்பிலும் டி.என்.ஏ. என்ற ஒன்று இருக்கிறது. அது உள்ளேயே இருக்கும் அடையாள அட்டை. ஆட்டுக்கு வேறு, மாட்டுக்கு வேறு. வேக வைத்தால் துண்டு துண்டாக உடையும், முழுதாக அழியாது.

2020 இல் கொரோனா வந்தபோது மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே பி.சி.ஆர்., இதுவும் அதே முறைதான். சூடாக்கி ஆற்றி, சூடாக்கி ஆற்றி, அந்தத் துண்டை ஒன்றை இரண்டாக, இரண்டை நாலாகப் பெருக்குகிறார்கள். 30 தடவையில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். பிறகு எந்த மிருகம் என்று தெரிந்து விடும்.

கத்தியில் ஒட்டி வந்ததும் இதில் தெரியும் என்பதால் அளவையும் பார்க்க வேண்டும். அயர்லாந்தில் பன்றி பெரும்பாலும் அப்படி மிகச் சிறிய அளவில்தான் இருந்தது. 29 சதவீதம் கத்தியில் ஒட்டி வருகிற கணக்கா? இன்னொன்று, கறி பழுதா, நோய்ப்பட்டதா என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது.

கடைக்கறியில் சந்தேகம் வந்தால், லயத்தில் வாய் விடுவதற்கு முன் பி.எச்.ஐ. ஐயாவிடம் சொல்லுங்கள். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டப்படி, ஒன்றைச் சொல்லி வேறொன்றை விற்பது குற்றம். கடையில் மாதிரி எடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. மிச்சக் கறியைக் கொட்டி விடாதீர்கள். சட்டியையும் அவசரப்பட்டுக் கழுவ வேண்டாம்.