செய்தி எங்கே காத்திருக்கிறது?

வீட்டில் வைஃபை இருக்கிறது. செல்பேசியின் உச்சியில் கோடுகள் எல்லாம் நிறைந்து தெரிகின்றன. ஆயினும் இணையவழித் தேர்வில் விடையைத் தொட்டால் சில வேளை உடனே பதிவாகிறது. சில வேளை வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. கடிகாரமோ நிற்பதில்லை. "வேகம் போதாது, பெரிய திட்டத்துக்கு மாறிவிடு" என்று யாராவது சொல்வார்கள். அதற்கு மாதந்தோறும் கூடுதல் பணம் வேண்டும். பணத்தை எடுக்குமுன், மாணவர்களே, ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: செய்தி எந்த இடத்தில் காத்திருக்கிறது?

வேகமும் தாமதமும் ஒன்றல்ல. மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு லாரி நிறையப் புத்தகங்கள் போகின்றன. போய்ச் சேரும் எழுத்துகள் கோடிக்கணக்கில். ஆனால் முதல் எழுத்து சேரவே பல மணி நேரம் ஆகும். தொலைபேசியில் "சரி" என்று ஒரு சொல் சொன்னால் நொடிக்குள் சேர்ந்துவிடும். விளம்பரத்தில் காணும் 100 மெகாபிட் என்பது லாரியின் கொள்ளளவைப் போன்றது. தேர்வுக்கு வேண்டியது அந்த "சரி".

பயணத்துக்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. ரேடியோ அலை 10 மீட்டர் செல்ல ஏறத்தாழ 33 நானோநொடி போதும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 1,000 கிலோமீட்டர் போய்வர 10 மில்லிநொடி. ஆகவே அரை நொடி, ஒரு நொடி என்று தாமதம் கண்டால், அதில் பெரும்பகுதி பயணமன்று, காத்திருப்பே.

இதை அளக்கும் கருவி 'பிங்'. 1983-இல் மைக் மூஸ் எழுதிய சிறு நிரல். ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, பதில் திரும்பும் நேரத்தைச் சொல்லும். கணினியில் இது உள்ளது. செல்பேசிக்கு இலவசச் செயலிகள் கிடைக்கும். முதலில் வீட்டு ரௌட்டரை நோக்கி அனுப்புங்கள். அதன் முகவரி வைஃபை விவரத்தில் 'கேட்வே' என்ற பெயரில் இருக்கும். பல வீடுகளில் 192.168.1.1. எட்டு அளவுகள் இவ்வாறு வந்தன என்போம்: 3, 4, 3, 5, 3, 182, 4, 4 மில்லிநொடி. சராசரி 26. எட்டில் ஒன்றுகூட 26-க்கு அருகில் இல்லை! விட்டுவிட்டு வரும் கோளாற்றைச் சராசரி மறைத்துவிடும். எனவே 50 அளவுகளேனும் எடுத்து, வரைதாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். பிறகு வெளியிலுள்ள ஏதேனும் ஓர் இணைய முகவரிக்கும் அவ்வாறே செய்யுங்கள்.

ரௌட்டர் வரையிலேயே அளவு துள்ளினால் கோளாறு வீட்டுக் காற்றில் அல்லது செல்பேசியில். ரௌட்டர் வரை சீராக இருந்து வெளியே துள்ளினால் கோளாறு அதற்கப்பால்.

கணினியிலிருந்து செல்பேசியை நோக்கிப் பிங் அனுப்பினால் வேடிக்கையொன்றைக் காணலாம். தாமதம் 100 மில்லிநொடிக்கு மேலும் போகும். மின்கலத்தைச் சேமிக்கச் செல்பேசியின் வைஃபை பகுதி அடிக்கடி உறங்குகிறது. ரௌட்டர் வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை குறிப்பலை ஒன்றை வெளியிடும். உறங்கும் கருவிக்கு வந்த பொட்டலங்களை அதுவரை தன்னிடமே வைத்திருக்கும். நொடிக்கு ஒரு பிங் என்பதை நொடிக்குப் பத்து ஆக்குங்கள். தாமதம் மறைந்தால் அது உறக்கம், நோயன்று. இந்த அளவை மட்டும் பார்த்துப் புது ரௌட்டர் வாங்குவது வீண் செலவு.

காற்றின் கதை வேறு. வைஃபை கருவிகள் யாவும் ஒரே வெளியைப் பகிர்ந்துகொள்கின்றன. பேசுமுன் ஒவ்வொன்றும் உற்றுக் கேட்கும். வேறொன்று பேசினால் காத்திருக்கும். மோதல் நேர்ந்தால் மேலும் நீண்டதொரு கால எல்லைக்குள், தற்செயலாக அமையும் இடைவெளி விட்டு, மீண்டும் முயலும். ஒரே அலைவரிசையைப் பொதுவில் பகிரும் இம்முறைக்கு முன்னோடி, 1971-இல் ஹவாய்த் தீவுகளில் இயங்கத் தொடங்கிய அலோகா வலை. அடுக்குமாடி வீடுகளில் அண்டை வீட்டாரின் ரௌட்டர்களும் இந்த வரிசையில் நிற்கின்றன. 2.4 கிகாஹெர்ட்சுப் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்களாக 1, 6, 11 ஆகிய மூன்றையே பெரும்பாலும் கொள்வர். போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்சில் இரைகிறது. 5 கிகாஹெர்ட்சு அலை சுவரை அவ்வளவாக ஊடுருவாது. அண்டை வீட்டு அலையும் அவ்வாறே உள்ளே வராது என்பது நமக்கு ஆதாயம்.

நம் வீடுகளில் ரௌட்டரை இரும்புப் பீரோவுக்குப் பின்னே வைப்பது ஒரு வழக்கம். பீரோ அலைகளுக்குக் கண்ணாடி போன்றது. நேரலையும் எதிரொளித்த அலையும் கூடுமிடத்தில் வலுவும், அழியுமிடத்தில் நலிவும் உண்டாகும். 2.4 கிகாஹெர்ட்சில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். எனவே செல்பேசியை ஒரு சாண் நகர்த்தினாலே நிலைமை மாறக்கூடும். ரௌட்டரைத் திறந்த இடத்தில், உயரத்தில் வைத்துவிட்டு மீண்டும் அளங்கள்.

இனி, ரௌட்டருக்கு அப்பால். என் கருத்தில் மிகுதியாகக் கவனிக்கப்படாமற் போவது இதுதான். இணைப்பின் மேலேற்ற வேகம் நொடிக்கு 10 மெகாபிட், அதாவது 1 கோடி பிட் என்க. வாசலில் உள்ள கருவியின் நினைவகத்தில் 10 லட்சம் பைட் வரிசையில் நிற்கிறது. அது 80 லட்சம் பிட், வெளியேற 0.8 நொடி ஆகும். உங்கள் விடை சில நூறு பைட்டுகளே. ஆனால் வரிசையின் கடைசியில் நிற்கிறது. வரிசையை நிரப்பியது யார்? அப்பாவின் செல்பேசி திருமணப் படங்களைத் தானாகவே இணையக் கிடங்குக்கு ஏற்றிக்கொண்டிருக்கலாம். வேகத்தை இரட்டித்தாலும் அதே வரிசை 0.4 நொடி எடுக்கும். ஏற்றம் நடக்கும் மட்டும் வரிசை மீண்டும் நிரம்பும். கேத்லீன் நிக்கோல்சும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் இதற்கொரு வழி சொன்னார்கள்: வரிசையின் நீளத்தைப் பாராமல், பொட்டலம் எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பார், அந்நேரம் தொடர்ந்து மிகுந்திருந்தால் சிலவற்றைக் கைவிடு, அனுப்புவோர் தாமே வேகத்தைக் குறைப்பர். இவ்வசதி சில ரௌட்டர்களில் உண்டு.

இல்லாத வீட்டில் இதைச் செய்து பாருங்கள். வெளி முகவரிக்குப் பிங் ஓடட்டும். ஒரு பெரிய காணொளியை ஏற்றத் தொடங்குங்கள், எண்கள் ஏறுகின்றனவா? ஏற்றத்தை நிறுத்துங்கள், சில நொடிகளில் இறங்குகின்றனவா? ஆமெனில், தேர்வு முடியும்வரை வீட்டிலுள்ள எல்லாச் செல்பேசிகளிலும் படக் காப்புப் பிரதியை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.