அடிபட்ட பிள்ளையும் ஆஸ்பத்திரித் தூரமும்

பெட்டாலிங் ஜெயாவாசிகளுக்கு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் கூப்பிடு தூரம். ஆனால் மாலை ஆறு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் அந்தத் தூரமே நீண்டுவிடும். சபாக் பெர்ணத்தில் அடிபடும் பிள்ளைக்குக் கோலாலம்பூர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கெத்தாம் தீவுப் பிள்ளை முதலில் படகேறிக் கிள்ளான் துறைமுகத்துக்கு வர வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேரும் நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் சுமார் 800 மில்லிலிட்டர் இரத்தம்தான் இருக்கும். 200 மில்லி போனால் கால் பங்கு போய்விட்டது. அப்போதும் இரத்த அழுத்தம் சரியாகவே காட்டக்கூடும். பிறகு சட்டென்று விழும். "நல்லாத்தானே இருக்கான்" என்ற பேச்சை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

செய்ய வேண்டியவை

• எந்த ஆஸ்பத்திரி என்று இன்றே முடிவு செய்யுங்கள். இருபத்து நான்கு மணி நேர அவசரப் பிரிவு, சிடி ஸ்கேன், குழந்தை அறுவை நிபுணர், குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய நான்கும் அங்கே உண்டா என்று கேட்டு வையுங்கள். பளபளப்பான கட்டடம் இதற்குச் சாட்சியாகாது. குழந்தை அறுவையில் தேர்ந்தவர்கள் இருக்கும் இடத்தில், கிழிந்த மண்ணீரலைக்கூடப் பெரும்பாலும் கத்தி வைக்காமல் காப்பாற்றிவிடுகிறார்கள். சிராய்ப்புக்கும் சிறு வெட்டுக்கும் தாமான் கிளினிக்கே போதும்.

• பலத்த அடி என்றால் 999. பெட்டாலிங் ஜெயாவில் பல சாலைகளுக்கு எண்கள்தான் பெயர் என்பதால் ஓர் இலக்கம் மாறினால் ஆம்புலன்ஸ் வேறு தெருவில் நிற்கும். செக்‌ஷன், சாலை எண், பக்கத்துக் கோயில் அல்லது பள்ளி என மூன்றையும் சொல்லுங்கள். கொண்டோவில் இருந்தால் ஒருவர் கீழே போய்க் காவலரிடம் சொல்லி, லிஃப்டைப் பிடித்து வைக்கட்டும்.

• இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் விடாமல் அழுத்துங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம்.

• வெந்நீர் கொட்டினால் அந்த இடத்தில் மட்டும் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிடுங்கள். மற்ற உடம்பைப் போர்த்துங்கள். குழந்தைக்கு உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும்.

• பாட்டியிடம் பிள்ளையை விட்டுச் செல்பவர்கள் பிள்ளையின் மைகிட் அடையாள அட்டையை வீட்டிலேயே வையுங்கள், அழைப்பு வந்தால் தொலைபேசியை எடுங்கள். அறுவைக்குச் சம்மதம் கேட்டு டாக்டர் அழைக்கலாம்.

• தூரத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள மாவட்ட ஆஸ்பத்திரிக்கே முதலில் போக வேண்டும். மூச்சும் இரத்தப்போக்கும் அங்கே கட்டுக்குள் வரும். போன கையோடு கேளுங்கள்: "பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டுமா? எங்கே? எப்போது?" அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

செய்யக்கூடாதவை

• பலத்த அடிபட்ட பிள்ளையைக் கிளினிக் கிளினிக்காகத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். அப்படி அலைவதில் நேரம் வீணாகும்.

• உயரத்திலிருந்தோ மோட்டார் சைக்கிளிலிருந்தோ விழுந்தவனை எழுப்பி உட்கார வைக்காதீர்கள். கழுத்து அசையக் கூடாது. மூச்சு அடைபட்டால் ஒழிய ஹெல்மெட்டையும் கழற்றாதீர்கள்.

• தீக்காயத்தில் பற்பசை, சோயா சாஸ், வெண்ணெய் எதுவும் வேண்டாம்.

• அழுகையை நிறுத்த மைலோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தர வேண்டி வந்தால், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு.

• வீங்கிய முழங்கையைச் சுளுக்கு எடுப்பவரிடம் கொண்டுபோகாதீர்கள். விரல்கள் வெளுத்துக் குளிர்ந்திருந்தால் எலும்பு முறிந்து இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். கையைக் காப்பாற்றச் சில மணி நேரமே இருக்கிறது.

• தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, காதில் தெளிந்த நீர் வடிந்தாலோ, எழுப்பினால் எழவில்லை என்றாலோ "தூங்கட்டும்" என்று விடாதீர்கள். அது தூக்கமாக இல்லாமல் இருக்கலாம்.

• ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைச் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். வழியில் மூச்சு நின்றால் உங்களிடம் ஆக்சிஜன் இருக்காது.

சபாக் பெர்ணம், காப்பார், பந்திங் பக்கம் உறவுக்காரர்கள் இருந்தால் இந்தப் பட்டியலை முதலில் அவர்களுக்கு அனுப்புங்கள். பள்ளி விடுமுறையில் உங்கள் பிள்ளைகளும் அங்கேதான் ஓடியாடப் போகிறார்கள்.