சேற்றுக்குள் மூச்சுவிடும் தாமரை

மாணவர்களே, தாமரை வளர்க்கக் குளம்தான் வேண்டும் என்பதில்லை. வெயில் படும் இடத்தில் ஒரு அகன்ற சிமெண்ட் தொட்டி போதும். நானும் ஒருமுறை வளர்த்தேன். பழுத்த இலைகள் கண்ணை உறுத்தின. நீருக்குள் கையை விட்டு, காம்புகளை அடியோடு அறுத்துப் போட்டேன். சில வாரங்களில் கிழங்கு அழுகி, தொட்டி நாற்றமெடுத்தது. நீர் இருந்தது, வெயில் இருந்தது. பின் எது இல்லாமற் போயிற்று?

காற்று!

தாமரைக் கிழங்கு என்பது வேரன்று. சேற்றுக்குள் படுத்து வளரும் தண்டு. அதற்கும் சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆனால் ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. சேற்றுக்குள் எட்டும் சிறிதளவையும் நுண்ணுயிர்கள் பயன்படுத்திவிடும். எனவே கிழங்குக்கு வேண்டிய காற்று இலை வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இலைக்காம்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். துளைகள் தெரிகின்றன அல்லவா? அவை கிழங்குவரை செல்லும் காற்றுக் குழாய்கள். குழாய் இருந்தால் போதுமா? காற்றை உள்ளே தள்ளுவது எது?

வெயிலில் இலை சூடாகிறது. அதனுள் நீராவி நிறைகிறது. நீராவி இடம்பிடித்துக்கொள்வதால் உள்ளே ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவற்றின் பகுதி அழுத்தம் வெளியில் இருப்பதைவிடக் குறைகிறது. ஆகவே அவை வெளியிலிருந்து நுண்துளைகள் வழியே உள்ளே பரவுகின்றன. வெளியேறும் நீராவியை இலையின் ஈரம் ஈடுசெய்கிறது. துளைகள் மிக நுண்ணியவையாதலால், சேர்ந்த காற்று எளிதில் திரும்பிப் பாய முடிவதில்லை. உள்ளே மொத்த அழுத்தம் சற்றே உயர்கிறது. அந்த அழுத்தமே காற்றைக் கிழங்குக்குத் தள்ளுகிறது. வேறு குழாய்கள் வழியே மேலேறும் காற்று, இலை நடுவிலுள்ள பெரிய துளைகளால் வெளியேறுகிறது. ஆய்வாளர் ஜான் டேசி 1980-இல் மஞ்சள் அல்லி வகை ஒன்றில் இத்தகைய உள்காற்றோட்டத்தை விளக்கினார். தாமரையிலும் அது அறியப்பட்டுள்ளது.

நீங்களே சோதிக்கலாம். காம்போடு கூடிய புதிய இலையின் நடுவிலுள்ள வெளிர்நிற வட்டத்தில் சிறிது நீர் ஊற்றுங்கள். காம்பின் முனையில் ரப்பர் குழாயை இறுகப் பொருத்தி ஊதுங்கள். வட்டத்தில் குமிழிகள் எழும்.

இனி வளர்ப்போமா? தொட்டியில் 15 செ.மீ. உயரம் களிமண் இடுங்கள். கிழங்கைப் படுக்கவைத்து, முளைநுனி ஒடியாமல் மேல்நோக்கி இருக்கும்படி மண்ணால் மூடுங்கள். முதலில் 5 செ.மீ. நீர் போதும், இளம் இலைகள் மேற்பரப்பைத் தொட வேண்டுமே! இலைகள் வளர வளர நீரை உயர்த்துங்கள். கொசு பெருகாமலிருக்க கப்பி மீன்களை விடுங்கள். பழுத்த காம்பை நீர்மட்டத்துக்கு மேலேயே நறுக்குங்கள். கீழே அறுத்தால் குழாய்களில் நீர் புகுந்து கிழங்கின் மூச்சு அடைபடும். நான் செய்த தவறு அதுதான்.

கடைசியாக ஒரு கேள்வி: மேகம் மூடிய, ஈரப்பதம் மிகுந்த நாளில் இந்தக் காற்றோட்டம் கூடுமா, குறையுமா? காரணத்தோடு சிந்தியுங்கள்.